முதல் பிளாட்பாரத்தில் நாலு விரல் இடம்

சீனியம்மாள் கோதுமைத் தூக்குவாளியோடு மாவு மில்லுக்குக் கிளம்பிவிட்டாள். தெருக்கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் குருவையாவுக்கு அப்பாடா என்றிருந்தது. இனி அவள் திரும்பி வரும்வரை யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. மில்லில் கூட்டம் இருக்கும், வத்தல் அரைக்கிறவர்கள் முன்னால் நின்றால் அவர்கள் முடித்து, மெஷினில் காரம் போகும்வரை தவிட்டைப் போட்டு ஓட்டி, அதற்குப் பிறகுதான் கோதுமையைத் தொடுவார்கள், ஆக நேரம் இருக்கிறது, நேரம் இருக்கிறது என்பதே ஒரு நிம்மதிதான், ஆனால் அந்த நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது. போகிற போக்கில் அவள் சொல்லிவிட்டுப் போனது இன்னும் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. “இன்னைக்காவது அதுல கை வைங்க. இல்லைன்னா அந்தக் கதவத் தூக்கி மாடியில போட்டு வடகம் பிழிஞ்சு காய வச்சிருவேன், சொல்லிட்டேன்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சீனியம்மாள் சிரித்துக்கொண்டு சொன்னதை எல்லாம் செய்திருக்கிறாள். குருவையா எழுந்து பின்னறைக்குப் போனார். ஜன்னலைத் திறந்தார். வெயில் நேராகக் கதவின்மேல் விழுந்தது.

அது புறவாசல் கதவு. அடியில் கரையான் தின்றதால் கழற்றிவிட்டுத் தகரக் கதவு போட்டபோது, பழையதை விறகுக்குக் கொடுக்க மனமில்லாமல் இரண்டு முக்காலிகள்மேல் கிடத்தி வைத்தார். இப்போது அதன்மேல் செவக்காட்டூர் ஜங்ஷன் இருந்தது. மீட்டர் கேஜ் காலத்துச் செவக்காட்டூர். அகலப் பாதை போட்டபோது இடித்துத் தரைமட்டமாக்கிய, கண்ணாடியும் டைல்ஸும் வருவதற்கு முன்னால் இருந்த ஸ்டேஷன். முதல் பிளாட்பாரத்து டீக்கடையில் அவர் முப்பத்தொரு வருஷம் டீ மாஸ்டர். ஒரு ஆளின் உயரம் அரைத் தீக்குச்சி என்று முதல் நாளே முடிவு செய்துகொண்டார், அதற்குப் பிறகு எல்லாம் அந்தக் கணக்குத்தான், பெஞ்சு எத்தனை குச்சி, ஓவர்பிரிட்ஜ் எத்தனை குச்சி, வேப்பமரம் எத்தனை குச்சி. தண்டவாளத்துக்குக் குடைக்கம்பி. கட்டைகளுக்கு ஐஸ் குச்சியைச் சீவி அளவாக நறுக்கியது. தண்டவாளத்துக்கு இடையில் கிடக்கும் கரியும் எண்ணெயும் கலந்த அந்தக் கறுப்பு மண்ணுக்கு என்ன செய்வதென்று ஒரு வாரம் யோசித்து, கடைசியில் காலையில் வடிகட்டிய டீத்தூளைக் காய வைத்துத் தூவியபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, டீ தன்னை விடவில்லையே என்று. கதவில் பூட்டு இருந்த ஓட்டை லோக்கோ ஷெட்டுக் கிணறாகிவிட்டது. ஓட்டையை மனதில் வைத்து அவர் ஸ்டேஷனை அமைக்கவில்லை. அதுவாகவே கிணறு இருந்த இடத்துக்கு வந்து விழுந்தது. அன்றைக்கு முழுக்க அதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது, சொல்லவில்லை, சொல்வதற்குக் கூச்சம், இந்த வயதில் பொம்மை செய்கிறவன் என்று நினைத்துவிட்டால்.

பொழுதுபோக்குக்காக என்றுதான் சீனியம்மாளிடம் சொல்லியிருந்தார். கோயம்புத்தூரில் இருக்கும் மகன் போனில் கேட்டபோதும் அதையேதான் சொன்னார். உண்மை வேறு. அண்ணன் வெள்ளைச்சாமியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்த மறுநாள்தான் இந்தக் கதவைத் துடைத்தார். அண்ணன் பஸ் கண்டக்டர். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு என்ன டிக்கெட் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுகிறவர். அவருக்கு முதலில் ஒரு ஊர் விழுந்தது. ஒரே ஒரு ஊர். தினமும் பஸ் நின்ற ஊர்தான், பேர் வாயில் வரவில்லை, சிரித்துச் சமாளித்தார், எல்லோரும் சிரித்தார்கள், குருவையாவும் சேர்ந்து சிரித்தார். அடுத்து இரண்டு ஊர். அடுத்து பேரப்பிள்ளைகள். அடுத்து மதினி. கடைசியாகப் பார்க்கப் போனபோது அண்ணன் நல்ல வேட்டி கட்டிக்கொண்டு நாற்காலியில் மரியாதையாக உட்கார்ந்திருந்தார். “உக்காருங்க, உங்களுக்கு எந்த ஊரு?” என்றார். குருவையா தன் ஊரைச் சொன்னார், வேறு என்ன செய்ய. “அங்க என் தம்பி இருக்கான், டீக்கடையில நிக்கான், பாத்தா நான் கேட்டேன்னு சொல்லுங்க” என்றார் அண்ணன். சொல்லுகிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தார். ஒரு ஊர்தான் முதலில் விழுந்தது. ஒரு ஊர் அளவு ஓட்டை. அவர்களுடைய அய்யாவுக்கும் கடைசிக் காலத்தில் அப்படித்தான் என்று மதினி சொன்னாள். அப்படியானால் இது ரத்தத்தில் வருவது, அப்படியானால் அடுத்த ஆள் யார் என்று எண்ணிப் பார்க்கப் பெரிய கணக்கு ஒன்றும் வேண்டாம். ஆகவே கதவு. ஸ்டேஷன் முழுக்க, ஒரு வாளி விடாமல், ஒரு பெஞ்சு விடாமல், தலைக்குள்ளிருந்து எடுத்துக் கதவின்மேல் வைக்க முடிந்தால் தலை சரியாக இருக்கிறது. டாக்டரிடம் போகக் கூச்சப்படுகிறவன் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பரீட்சை. எல்லாம் வந்தது. அதுதான் ஆச்சரியம். கேட்கக் கேட்க வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் ரூம் வாசலில் தொங்கிய தண்டவாளத் துண்டு, அதை அடிக்கிற இரும்பை யாரும் தூக்கிப் போகாமல் கட்டியிருந்த சங்கிலி, சிவப்பு மணல் வாளிகளில் ஒன்று மட்டும் வளையம் இல்லாமல் கீழே இருந்தது, எடை பார்க்கும் மெஷினின் கலர் விளக்கில் பச்சை மட்டும் எரியாது, மஞ்சள் பலகையில் ஊர்ப் பேருக்குக் கீழே யாரோ தாரால் போட்ட அம்புக்குறி. ஒவ்வொன்றும் வரும்போது நெஞ்சில் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. ஐப்பசி முழுக்க அப்படி அவிழ்ந்துகொண்டே போனது. கார்த்திகையில் டீக்கடைக்கு வந்தார்.

அங்கே நின்றது. நாலு விரல் அகலம்தான் இடம். எல்லாவற்றையும் முடித்துவிட்டுத் தன் கடையைக் கடைசியில் செய்யலாம், ஆசையாகச் செய்யலாம் என்று விட்டு வைத்திருந்தார். உள்ளே எல்லாம் இருந்தது, பாய்லர் இடப்பக்கம், பால் சட்டி, அதை ஒட்டி கிளாஸ் அலசும் தொட்டி, பன் வைக்கிற கண்ணாடிப் பெட்டி, வலது முழங்கை உரசி உரசி வழுவழுப்பான தூண். முன்னால், தலைக்கு மேலே, கடையின் பலகை. தகரப் பலகை. அதன் பின்பக்கம் அவருக்கு மனப்பாடம். மரச்சட்டத்தில் ஆணி அடித்த இடத்தில் கூர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மூன்றாவது ஆணி மட்டும் வளைந்திருக்கும், துரு தின்ற ஒரு பொத்தல் வழியாகச் சாயங்கால வெயில் வந்து சர்க்கரை டின்மேல் காசு மாதிரி விழும். முன்பக்கம்? முன்பக்கம் என்ன நிறம்? என்ன எழுதியிருந்தது? எழுத்து எந்த நிறம்? தூரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு அன்று எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாரோ தெரியாது. நீலம் என்று நினைத்தால் ஆமாம் நீலம்தான் என்றிருந்தது. பச்சை என்று நினைத்தால் அட, பச்சைதானே என்றிருந்தது. இதுதான் பயமாக இருந்தது, எதை நினைத்தாலும் அதுவே ஞாபகம் மாதிரி வந்து நின்றது. அண்ணனும் இப்படித்தான், ஒரு ஊருக்குப் பதில் இன்னொரு ஊரைச் சொல்லிவிட்டு அதுதான் என்று அடித்துச் சொன்னார். முப்பத்தொரு வருஷம் தலைக்கு மேல் இருந்த பலகை. அன்றே தூரிகையைக் கழுவி வைத்தார். அந்த நாலு விரல் இடத்தின்மேல் கைக்குட்டையை மடித்துப் போட்டார். அதற்குப் பிறகு கதவின் பக்கம் வரவில்லை. “என்ன, உங்க ரயில்வேயில ஸ்ட்ரைக்கா?” என்றாள் சீனியம்மாள். இன்னொரு நாள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, “ஒருபக்கம் மட்டும் சவரம் பண்ணுன மூஞ்சி மாதிரில்ல இருக்கு” என்றாள். முடிக்காமல் கிடப்பதைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தார்.

இப்போது ஜன்னல் வெயிலில் கைக்குட்டை வெள்ளையாகக் கூசியது. யாரோ பிளாட்பாரத்தில் செத்துக் கிடந்து மேலே துணி போர்த்தின மாதிரி. சீ, என்ன நினைப்பு. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்க்கலாம் என்று மேஜையைத் தடவினார், ஜன்னல் திண்டைத் தடவினார், கூடத்துக்கு வந்து டிவி மேல் பார்த்தார், இல்லை, வைத்த இடம் தெரியவில்லை, இதோ, இதோ அடுத்தது, என்று நினைத்து நெற்றியில் கையை வைத்தபோது கண்ணாடி நெற்றியில் இருந்தது. தனியாக இருந்தும் வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் இது எல்லோருக்கும் நடப்பது, மகனே போனைக் கையில் வைத்துக்கொண்டு போனைத் தேடியிருக்கிறான், இதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். எதைக் கணக்கில் சேர்ப்பது எதை விடுவது என்பதே பெரிய கணக்காகிவிட்டது. இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சரி, முதலிலிருந்து. அதிகாலையில் எப்படிப் போவேன். பார்சல் ஆபீஸுக்குப் பின்னால் சந்து, இருட்டாக இருக்கும், நாய் படுத்திருக்கும், காலால் தள்ளாமல் செருப்பைத் தட்டினால் எழுந்துபோகும், கடையின் பின்கதவு, பூட்டு, உள்ளே போய் விளக்கு, அடுப்பு, பிறகு உள்ளேயிருந்து முன்பக்கத் தட்டியைத் தூக்கிக் கொக்கியில் மாட்டுவேன். எதிரில் பிளாட்பாரம். முதல் வண்டி. அந்த ஞாபகத்தில் ஒரு பிசிறு இல்லை, நாயின் காது மடங்கியிருந்ததுகூட வருகிறது. டீயைத் தூக்கி ஆற்றுகிறபோது கை பலகையின் உயரத்துக்குப் போகும், பலகையின் பின்பக்கம் ஆவி பட்டு வேர்க்கும், சொட்டும். பின்பக்கம். எப்படிப் போனாலும் பின்பக்கத்தில் போய் முட்டுகிறது. வேறு பக்கமாகப் போய்ப் பார்ப்போம். தண்ணீர் எடுக்கக் குழாய்க்குப் போவேனே, குடத்தோடு திரும்பி வரும்போது கடையைப் பார்த்துத்தானே நடந்திருப்பேன். குடம் வருகிறது. குடத்தின் விளிம்பில் தண்ணீர் தளும்புவது வருகிறது. தரையில் யாரோ துப்பிய வெற்றிலைச் சாறு, அதை மிதிக்காமல் தாண்டுகிற தன் கால் வருகிறது. நிமிர்ந்தால் கடை இருக்கும். நிமிர முடியவில்லை. ஞாபகத்தில் கழுத்துப் பிடித்துக்கொண்ட மாதிரி. வடகமே காயட்டும் என்று தோன்றியது. எல்லாவற்றையும் பெயர்த்து ஒரு சாக்கில் போட்டுவிட்டால், பரீட்சை எழுதவே இல்லை என்று ஆகிவிடும், எழுதாதவன் தோற்கவும் மாட்டான். ஓவர்பிரிட்ஜைத் தொட்டார். படிகள், ஊதுபத்திக் குச்சியை நறுக்கி ஒவ்வொன்றாக ஒட்டியவை, ஒரே சீராக இருந்தன. இதைப் பெயர்க்கவா. விரல் நடுங்கவில்லை, அதையும் கவனித்தார். எதிர்வீட்டு ரேடியோவில் ஏதோ விளம்பரம். மில்லில் இந்நேரம் கோதுமை விழுந்திருக்கும். யாரையாவது கேட்கலாம். செவக்காட்டூரில் பழைய ஆட்கள் இருப்பார்கள். ஆனால் கேட்டால் அவர்கள் திருப்பிக் கேட்பார்கள், என்ன மாஸ்டர், உங்க கடைப் பலகை உங்களுக்குத் தெரியாதா என்று, சிரிப்பார்கள், அண்ணனைப் பார்த்துச் சிரித்தது போல.

தெருக்கதவு திறந்தது. குருவையா எழுந்திருக்கப் பார்த்தார், அதற்குள் சீனியம்மாள் பின்னறை வாசலுக்கு வந்துவிட்டாள். புருவத்தில், காதோரத்து முடியில் எல்லாம் மாவு. மில்லுக்குப் போனால் அவள் எப்போதும் மெஷின் வாய்ப்பக்கமே நிற்பாள், அடுத்தவள் மாவு தன் வாளியில் விழுந்துவிடும் என்று. “அட, ஸ்ட்ரைக் முடிஞ்சிருச்சா” என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். “என்னங்க? நெஞ்சு கிஞ்சு வலிக்கா?” “அதெல்லாம் இல்ல.” “அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?” அவர் கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை, வாய் திறந்துவிட்டது. “நம்ம கடைப் பலகை, முன்னால என்ன கலர்னு மறந்துபோச்சு சீனி. என்ன எழுதியிருந்ததுன்னும் தெரியல. வெள்ளைச்சாமி அண்ணனுக்கு வந்த மாதிரி எனக்கும்...” சீனியம்மாள் தூக்குவாளியைக் கீழே வைத்தாள். “இதுக்கா கார்த்திகையில இருந்து இப்படி உக்காந்திருக்கீக?” என்றாள். பிறகு, அரிசியில் கல் கிடக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னாள். “அதை நீங்க எப்பப் பாத்தீக, மறக்கிறதுக்கு?”

“என்ன பேசுற நீ. முப்பத்தொரு வருஷம்...” “முப்பத்தொரு வருஷமும் உள்ளல்ல நின்னீக. இருட்டோட பின்சந்துல போவீக, இருட்டோட பின்சந்துல வருவீக. கடைய ஏலத்துல எடுத்த காண்டிராக்டருதான் மாஸ்டர் முன்னால வந்து நிக்கக் கூடாது, நின்னா ஏவாரம் படுத்துரும்னு ஒரு சட்டம் வச்சிருந்தாருல்ல.” “தண்ணி எடுக்கப் போவேனே.” “போவீக. குடத்தப் பாத்துட்டுப் போவீக, குடத்தப் பாத்துட்டு வருவீக. ரோட்டுலயே நீங்க நிமிந்து நடந்து நான் பாத்ததில்ல. இங்கன வந்து பாருங்க.” கையைப் பிடித்து இழுத்துக் கதவின் அந்தப் பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சுவரோரம், முக்காலிக்கும் சுவருக்கும் இடையில், ஒரு ஆள் ஒடுங்கி நிற்கிற இடம். இத்தனை மாதத்தில் அவர் அங்கே நின்றதே இல்லை, நிற்கத் தேவைப்படவில்லை. அங்கிருந்து பார்த்தபோது ஸ்டேஷன் இல்லை. வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் இலை இல்லை, வெறும் குச்சியும் பசையும். ஓவர்பிரிட்ஜின் முதுகு பழைய கல்யாணப் பத்திரிகை, மணமகள் பேர்கூடப் படிக்க முடிந்தது. இரண்டாவது பிளாட்பாரத்துப் பெஞ்சுகளுக்குப் பின்கால் இல்லை. மஞ்சள் பலகையின் பின்பக்கம் வெள்ளை அட்டை. எடை மெஷினுக்கு முதுகே இல்லை. எல்லாம் ஒரு திசையைப் பார்த்து நின்றன, கைக்குட்டை போர்த்திய அந்த நாலு விரல் இடத்தைப் பார்த்து. “அன்னைக்கே சொன்னேன்ல, ஒருபக்கம் சவரம்னு” என்றாள் சீனியம்மாள். குருவையா சுவரில் சாய்ந்துகொண்டார். இவ்வளவு நாளும் தலையிலிருந்துதான் எடுத்து வைத்தார், தலையில் இருந்தது எல்லாம் டீ ஆற்றுகிற இடத்திலிருந்து தெரிந்தது மட்டும்தான், மரத்தின் அந்தப் பக்கம் அவருக்கு என்றுமே தெரியாது, அது தெரியாததற்கு அவர் பயப்படவில்லை, இல்லை என்பதையே கவனிக்கவில்லை, பலகைக்கு மட்டும் பயந்தார், அது தன் கடைப் பலகை என்பதால். மறக்கவில்லை. பார்க்கவே இல்லை. மறக்கவில்லை, பார்க்கவே இல்லை, என்று உள்ளே அது சுற்றிச் சுற்றி வந்தது, ஒவ்வொரு சுற்றுக்கும் மார்பில் இருந்த பாரம் ஒரு படி இறங்கியது, ஓவர்பிரிட்ஜில் இறங்குகிற மாதிரி, கடைசிப் படியில் கால் தரையைத் தொட்டது. அண்ணன் பார்த்த ஊரை மறந்தார். அது வேறு. நாயின் மடங்கிய காது வருகிறது, மூன்றாவது ஆணி வருகிறது, பார்த்தது எல்லாம் வருகிறது. நாளைக்கு என்ன வருமோ தெரியாது, அண்ணனுக்கு வந்தது வராது என்று எழுதிக் கொடுக்க யாரும் இல்லை. ஆனால் இன்றைக்கு இல்லை. இன்றைக்கு இல்லை என்பது போதும். பசித்தது. காலையில் இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டது ஞாபகம் வந்தது. அதுவும் ஞாபகம் வந்தது என்று நினைத்துச் சிரித்தார்.

“அப்ப நீயாவது முன்பக்கம் பாத்திருக்கியா?” என்று கேட்டார். கேட்ட பிறகுதான் அது ஒரு கேள்வி என்று உறைத்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவள் சோறு கொண்டு வந்ததும் பின்சந்து வழியாகத்தான். சீனியம்மாள் புருவத்து மாவைப் புறங்கையால் துடைத்தாள், இன்னும் அதிகமாகப் பூசிக்கொண்டாள். “நீங்க எங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தீகள்ல, அதுக்கு முந்துன வாரம் நான் மாப்பிள்ளை பாக்க வந்தேன்.” “எங்க?” “செவக்காட்டூருக்குத்தான். சந்தைக்குப் போறோம்னு எங்கய்யா கூட்டிட்டு வந்தாரு. அந்த எடை மெஷினு இருக்குல்ல, அதுக்குப் பக்கத்துல என்னை நிப்பாட்டிட்டு, நல்லா பாத்துக்கன்னு சொல்லிட்டு, டீ வாங்கியாரப் போனாரு. நான் எட்டி எட்டிப் பாக்கேன், மூஞ்சியே தெரியல. பலகை மறைக்குது. கை மட்டும் மேல போகுது, வருது, மேல போகுது, வருது. வேற பாக்க ஒண்ணுமில்லாம பலகையவே பாத்துட்டு நின்னேன். பச்சைப் பெயிண்டு. வாழை இலைப் பச்சை இல்ல, பாசிப்பச்சை. சிவப்புல எழுத்து, எழுத்தச் சுத்தி வெள்ளைக் கோடு. காப்பி டீ பலகாரம். இந்தக் கடைசியில ஒரு கிளாஸ் படம் போட்டு அதுல ஆவி பறக்கிற மாதிரி மூணு நெளிவு. நான் ரெண்டாவது வரைக்கும் படிச்சவ, எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டிருக்கையில வண்டி வந்திருச்சு.” “இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே.” “நீங்க கேட்டீகளா?” என்றாள். அவர் கேட்டதில்லை. இந்தப் பக்கத்திலிருந்து பார்க்க ஒன்று இருக்கும் என்றே நினைத்ததில்லை. வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று கேட்டார். ஒரு சைக்கிள் சாத்தியிருந்தது என்றாள். ஓவர்பிரிட்ஜுக்குப் பின்னால்? பஞ்சு மூட்டை, மலை மாதிரி. இரண்டாம் பிளாட்பாரத்துப் பெஞ்சில்? “அதுக்கு மேல பிறகு கேளுங்க, மாவு சூடா இருக்கு, பரத்திப் போடணும். வடகத்துக்கு வேற கதவு பாக்கணும்.” அவள் போய்விட்டாள். பாதி ஸ்டேஷன் பாக்கி இருந்தது. எண்ணிப் பார்த்தால் பங்குனி தாண்டும், சித்திரைகூட ஆகலாம், அந்த எண்ணம் அவருக்கு இனிப்பாக இருந்தது.

கைக்குட்டையை எடுத்து உதறி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். தகர டப்பாவின் மூடியில் ஒரு துண்டு வெட்டிப் பச்சை குழைத்தார், பாசிப்பச்சை வர ஒரு சொட்டுக் கறுப்பு. எழுத்தை வெறுங்குச்சி முனையால் எழுதினார். சிவப்பு காய்வதற்குள் வெள்ளைக் கோடு போட்டுவிடக் கை துடித்தது, பொறுத்துக்கொண்டார். பெயிண்ட் காய்கிற நேரத்தில் தீப்பெட்டியிலிருந்து இரண்டு குச்சிகளை எடுத்து நறுக்கினார். ஒன்று சரியாகப் பாதி. இன்னொன்று பாதியைவிட ஒரு மயிரிழை குறைவு. சரிபாதியைக் கடைக்குள் பாய்லருக்கு வலப்பக்கம் நிறுத்தினார், குறைந்ததை எடை மெஷின் பக்கம். பிறகு பலகையை ஒட்டிவிட்டு, கன்னத்தைக் கதவில் வைத்து, எடை மெஷின் பக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். தீக்குச்சி ஆளின் தலை பலகைக்குக் கீழே தெரிந்தது.

“சீனி” என்று கூப்பிட்டார். “என்ன?” என்றது அடுப்படி. “மூஞ்சி தெரியலைன்னா, பிறகு எதை வச்சுச் சம்மதிச்ச?”

பேப்பரில் மாவு சரிகிற சத்தம் கேட்டது.

“டீ நல்லா இருந்துச்சு” என்றாள்.

குருவையா பசை காய்வதற்கு முன் பலகையைப் பெயர்த்து, அரை நெல்மணி அளவு கீழே இறக்கி ஒட்டினார். மறுபடி கன்னத்தை வைத்துப் பார்த்தார். இப்போது முகம் தெரியவில்லை. சரியாக இருந்தது.